மருந்தும் மணிக்கூடும்

மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என்பது வள்ளுவர் கொள்கை. நோயுற்றவன், நோய் தீர்க்கும் வைத்தியன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்னும் அந்நால்வகையில் நோயுற்றவனே முதலில் வைத்தெண்ணப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. ஆனால், நம் காலத்து மருத்துவத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இந்நான்குடன் ஐந்தாவது ஒன்றையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. அது மருந்தின் விலை.

எச்.ஐ.வி. தொற்றிய ஒருவர் மருந்தை எப்போது தொடங்குவது, எதனைத் தெரிவது, வாழ்நாள் முழுவதும் அதனைத் தவறாது உட்கொள்வது எவ்வாறு என்பன, மேலெழுந்தவாரியாக நோக்கின், அவருக்கும் அவருடைய வைத்தியருக்கும் இடையிலான தனிப்பட்ட விடயங்களாகவே தோன்றும். அவ்வாறன்று என்பதைக் கடந்த முப்பது ஆண்டுக் கால வரலாறு காட்டுகின்றது. அந்த வரலாற்றின் மிகக் கூர்மையான அத்தியாயம் தென்னாபிரிக்காவில் எழுதப்பட்டது. அதனை எழுதியவர்கள் தகரக் குடிசைகளில் வாழ்ந்த நோயாளிகள். அவர்களுடைய கதையை நாம் படிப்பது இரங்குவதற்காக மட்டுமன்று. முற்போக்குச் சக்திகள் என்று நம்மைக் கூறிக்கொள்வோர் அதிலிருந்து கற்க வேண்டிய கசப்பான பாடமொன்றும் உண்டு.

முதலில் மருந்தின் கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

எச்.ஐ.வி. வைரசு, உடலின் எதிர்ப்புச் சக்திக்குத் தலைமை தாங்கும் சீ.டி.4 என்னும் இரத்தக் கலங்களுக்குள் புகுந்து அவற்றைக்கொண்டே தன்னைப் பெருக்குகின்றது. ஆரோக்கியமான ஒருவரிடத்து ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் இக்கலங்கள் ஐந்நூறுக்கு மேற்பட்டு இருக்கும். அது இருநூறுக்குக் கீழே வீழும்போது, காசமும் பூஞ்சண நோய்களும் மூளைக் காய்ச்சலும் காவலற்ற வீட்டினுள் கள்வர் புகுவதுபோற் புகுகின்றன. இந்த நிலையையே எயிட்ஸ் என்கிறோம்.

இதற்கெதிராக முதலில் அனுமதிக்கப்பட்ட மருந்து ஏ.இசட்.ரி. ஆகும். 1964இல் ஜெரோம் ஹோர்விற்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, அரசின் நிதியுதவியுடன், புற்றுநோய்க்கென ஆக்கிக் கைவிட்ட பொருள் அது. 1987 மார்ச்சில் அது எயிட்ஸ் மருந்தாகச் சந்தைக்கு வந்தபோது ஓராண்டுச் செலவு 8,000 டொலருக்கும் 10,000 டொலருக்கும் இடைப்பட்டதாக இருந்தது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் எழுந்து உட்கொள்ள வேண்டிய மருந்து! அதனாற் பலருக்கு இரத்தச் சோகை உண்டாயிற்று. 'நோய்க்குறி தோன்றுமுன்னரே தொடங்கினால் ஆயுள் நீளுமா?' என்னும் வினாவுக்கு, ஐரோப்பாவில் நிகழ்ந்த 'கொன்கோர்ட்' ஆய்வு 1993இல் 'இல்லை' என்று விடை கூறியது. ஒரு மருந்தைத் தனியே கொடுத்தால், தன்னைப் பிரதிசெய்யும்போதெல்லாம் பிழைவிடும் இயல்புடைய இவ்வைரசு, அப்பிழைகளுள் ஒன்றையே கேடயமாக்கி மருந்தை வென்றுவிடுகிறது என்பது தெளிவாயிற்று.

மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுத்தால் மூன்றையும் ஒரே வேளையில் வெல்லுதல் வைரசுக்கு மிக அரிதாகும். 1996 யூலையில் வன்கூவர் நகரில் நடந்த சர்வதேச எயிட்ஸ் மாநாட்டில் இவ்வுண்மை உறுதிப்பட்டது. மரணப் படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். எனினும், இதற்கொரு நிபந்தனை இருந்தது. குளிசைகளை வேளை தவறாது உட்கொள்ள வேண்டும். தவறினால், இரத்தத்தில் மருந்தின் அளவு குறையும். வைரசு மருந்தின் நடுவிலேயே வளரக் கற்றுக்கொள்ளும். அம்மருந்து பின்னர் அந்நோயாளிக்குப் பயன்படாது போகும். நோய் ஆராய்ச்சியாளருக்குரிய இந்த நிபந்தனையே அரசியல்வாதிகளின் கையில் எத்தகைய ஆயுதமாக மாறியது என்பதைப் பின்னர் காண்போம்.

*

1990களின் பிற்பகுதியில் தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியினின்றும் விடுபட்டு ஒருசில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாக்குரிமை பெற்ற மக்களிடையே கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. சுரங்கத் தொழிலாளரைக் குடும்பத்தினின்றும் பிரித்து ஆண்கள் விடுதிகளில் அடைத்து வைத்த பழைய பொருளாதார அமைப்பு அந்நோய்க்குப் பாதை வகுத்துக் கொடுத்திருந்தது.

நோயைப் பற்றி வாய்திறப்பதும் ஆபத்தாயிருந்தது. 1998 டிசம்பரில், டேர்பனை அடுத்த குவாமாஷூவைச் சேர்ந்த கூகு டிலாமினி என்னும் பெண், தமக்கு எச்.ஐ.வி. உண்டென்று பகிரங்கமாகக் கூறியதன் பின்னர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் 10ஆம் நாள், மனித உரிமை நாளன்று, கேப்ரவுணிலுள்ள புனித ஜோர்ஜ் பேராலயப் படிகளிற் சிலர் கூடினர். சிகிச்சை நடவடிக்கை இயக்கம் அங்கே பிறந்தது. அதன் தலைவர்களுள் முதன்மையானவர் சாக்கி அக்மத். நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தில் இளமையிலேயே சிறை சென்றவர், தாமும் எச்.ஐ.வி. தொற்றியவர். 'எச்.ஐ.வி. பொசிட்டிவ்' என்று பெரிய எழுத்திற் பொறித்த மேற்சட்டையை இயக்கத்தினர் அணிந்தனர். நோயுள்ளவரும் அணிந்தனர், இல்லாதவரும் அணிந்தனர். யாருக்கு நோய் என்று கண்டுபிடித்துக் கல்லெறிய முடியாத நிலையை அச்சட்டை உண்டாக்கிற்று.

மூன்று மருந்துகளின் ஆண்டுச் செலவு அப்போது 10,000 டொலருக்குக் குறையாதிருந்தது. இதன் பொருள் என்னவென்பதை 2000 யூலையில் டேர்பனில் நடந்த சர்வதேச மாநாட்டில் எட்வின் கமரன் எடுத்துரைத்தார். அவர் உயர் நீதிமன்ற நீதிபதி. 1997இல் மருந்துண்ணத் தொடங்கி உடல் தேறியவர். தம்முடைய நேர்மையோ அறிவோ தம்மைக் காப்பாற்றவில்லை. தம்மிடம் பணம் இருந்தமையாலேயே தாம் உயிரோடு நிற்பதாகவும், அது இல்லாத கோடிக்கணக்கான ஆபிரிக்கர் மடிவதாகவும் அவர் கூறினார். ஒரு நீதிபதி தமது உயிரையே சாட்சியாக நிறுத்திச் சொன்ன தீர்ப்பு அது.

விலை ஏன் அவ்வளவு உயர்ந்திருந்தது? குளிசையை ஆக்குதற்குரிய செலவு காரணமன்று; காப்புரிமையே காரணம். 1997இல் மண்டேலா அரசாங்கம் மலிவான மருந்துகளை இறக்குமதி செய்ய வழிகோலும் சட்டமொன்றை நிறைவேற்றியது. 1998 பெப்ரவரியில் மருந்துக் கம்பனிகள் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. வாதிகள் தொகை இறுதியில் 39 ஆயிற்று. பிரதிவாதியின் பெயர் நெல்சன் மண்டேலா! 2001 மார்ச் 5ஆம் நாள் பிரிட்டோரியாவில் விசாரணை தொடங்கியபோது உலகின் பல நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினர். சிகிச்சை இயக்கத்தை நீதிமன்றத்தின் நண்பராக வழக்கிற் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. ஏப்பிரில் 19இல் கம்பனிகள் வழக்கைக் கைவிட்டன.

இதற்கிடையில், 2001 பெப்ரவரியில், மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளையும் ஆண்டொன்றுக்கு 350 டொலருக்கு 'எல்லைகளற்ற வைத்தியர்கள்' அமைப்புக்குத் தர முன்வந்தது. பத்தாயிரம் எங்கே, முந்நூற்றைம்பது எங்கே! இது ஒரு வணிகரின் தயையால் மட்டும் விளைந்ததன்று. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்தை ஆக்கும் முறைக்கன்றி மருந்துக்கே காப்புரிமை வழங்க மறுத்தது. அச்சட்டத்தின் நிழலிலேயே இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. ஒரு நாட்டின் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் முப்பதாண்டு கழித்து மற்றொரு கண்டத்து மக்களின் உயிரைக் காக்க உதவியது. பொருளாதாரச் சட்டங்கள் உலர்ந்த விடயங்கள் என்று கருதும் மாணவர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

*

விலை என்னும் அரண் இடியத் தொடங்கியதும் வேறோர் அரண் எழுப்பப்பட்டது. 2001 யூனில், அமெரிக்க அரசின் சர்வதேச அபிவிருத்தி முகவரகத்தின் தலைவராயிருந்த அன்ட்ரூ நற்சியோஸ், ஆபிரிக்காவில் இம்மருந்துகள் பயன்படா என்று வாதிட்டார். ஆபிரிக்கர் பலர் தம் வாழ்நாளில் மணிக்கூட்டையே கண்டதில்லை. காலை, நண்பகல், மாலை என்பன அன்றி மணிக்கணக்கு அவர்களுக்குத் தெரியாது. ஆகவே, வேளை தவறாது குளிசை உண்ண அவர்களால் இயலாது என்பது அவர் கூற்றின் சாரம்.

இது ஒரு தனி மனிதரின் வாய்த்தவறு என்று தள்ளிவிட முடியாது. ஒழுங்காக உண்ணாவிடின் மருந்தை வெல்லும் வைரசு உலகெங்கும் பரவும் என்ற உண்மையான விஞ்ஞானக் கவலையோடு, சுதேசிகள் ஒழுங்கறியாதவர்கள் என்ற பழைய குடியேற்றவாத எண்ணம் கலந்து உருவான வாதம் அது. தோட்டத்துரைமாரின் நாட்குறிப்புக்களைப் படித்தவர்களுக்கு இக்குரல் புதியதன்று.

இவ்வாதத்துக்கு விடை ஒரு சேரியிலிருந்து வந்தது.

கேப்ரவுணின் புறத்தே, கடற்கரை மணற்பரப்பில், இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வாழும் கயலிட்சா பரந்து கிடக்கின்றது. 'எல்லைகளற்ற வைத்தியர்கள்' அமைப்பினர், மாகாண சுகாதாரப் பகுதியினருடன் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் அங்கிருந்த அரசாங்க மருந்தகங்களிலேயே எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்களைத் திறந்தனர். 2001 மேயில் முதல் நோயாளிகள் மும்மருந்துச் சிகிச்சை பெறத் தொடங்கினர். 2002 ஜனவரியில், பிரேசில் நாட்டு அரச ஆலையில் ஆக்கப்பட்ட மலிவான குளிசைகளைச் சிகிச்சை இயக்கத்தினரும் தொழிற்சங்கத்தினரும் சேர்ந்து நாட்டுக்குள் கொண்டுவந்தனர்.

அங்கே மருந்து வழங்கப்பட்ட முறையைச் சற்று விரிவாக நோக்குவோம். இரத்தத்தில் சீ.டி.4 இருநூறுக்குக் குறைந்தவர்களுள், குறித்த நாளில் நிலையத்துக்குத் தவறாது வருபவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். ஒவ்வொருவரும் தம் நோயைக் குறைந்தபட்சம் ஒருவரிடமேனும் வெளிப்படுத்தி, அவரைத் தம் சிகிச்சைத் துணைவராகக் கொள்ள வேண்டும். தாயோ, தங்கையோ, அடுத்த வீட்டுக்காரரோ, யாரேனும் ஒருவர். வள்ளுவர் எண்ணிய நான்காம் உறுப்பு இவரே. மருந்து எழுதிக் கொடுக்கப்படுமுன்னர், வைரசு என்றால் என்ன, சீ.டி.4 என்றால் என்ன, எந்தக் குளிசை எந்தப் பக்கவிளைவைத் தரும் என்பனவெல்லாம் கற்பிக்கப்பட்டன. நெவிரப்பின் என்னும் மருந்தை முதல் இரு வாரம் அரை அளவிலேயே உண்ண வேண்டும், தோலிற் கொப்புளம் கண்டால் உடனே வரவேண்டும், காசநோய்க்குக் கொடுக்கப்படும் றிபாம்பிசின் அதனுடைய வலுவைக் குறைக்கும், ஏ.இசட்.ரி. உண்பவர் இரத்தச் சோகைக்குச் சோதிக்கப்படல் வேண்டும். வைத்தியக் கல்லூரி மாணவர் பரீட்சைக்குப் படிக்கும் இவ்விடயங்களை, ஆரம்பப் பள்ளியையே முடிக்காத பெண்கள் தம் சோசா மொழியிற் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தனர். சிகிச்சை எழுத்தறிவு என்று அவர்கள் இதற்குப் பெயரிட்டனர்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை நாம் நுனித்து நோக்க வேண்டும். மருந்தை ஒழுங்காக உண்ணுதல் நோயாளியின் கீழ்ப்படிவு என்பது பழைய மருத்துவத்தின் கருத்து. கயலிட்சாவில் அது நோயாளியின் அறிவாகவும் தோழர்களின் உதவியாகவும் மாறியது. கட்டளைக்குப் பணிபவர் கட்டளையிடுபவர் மறைந்ததும் மறந்துவிடுவர். காரணம் அறிந்தவர் மறப்பதில்லை. ஆசிரியர்களாகிய நம் வாசகர்களுக்கு இவ்வுண்மையை நாம் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

விளைவு என்ன? முதலிற் சிகிச்சை பெற்ற 287 பேரின் நிலை 2004இல் வெளியிடப்பட்டது. சிகிச்சை தொடங்கியபோது அவர்களுட் பாதிப் பேரின் சீ.டி.4 ஐம்பதுக்கும் கீழே இருந்தது. ஆயினும், எல்லோரையும் சேர்த்து நோக்கின், ஈராண்டு முடிவில் நூற்றுக்கு 86 பேர் உயிரோடிருந்தனர். 2006இல் பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து நோக்கியபோது, ஒழுங்காக மருந்துண்டோர் ஆபிரிக்காவில் நூற்றுக்கு 77 பேர்; வட அமெரிக்காவில் 55 பேர் மட்டுமே. மணிக்கூடு யாரிடம் இருந்தது, நேரம் யாரிடம் இருந்தது என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

*

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் நமக்கு எளிதாயிருக்கும்: ஒருபுறம் பன்னாட்டு முதலாளிகள், மறுபுறம் ஒடுக்கப்பட்ட மக்கள். ஆனால், வரலாறு நம் வசதிக்கேற்ப நடப்பதில்லை.

1999இல் பதவியேற்ற ஜனாதிபதி தாபோ எம்பெக்கி, எச்.ஐ.வி.யே எயிட்சுக்குக் காரணம் என்னும் விஞ்ஞான முடிவை ஐயுற்றார். 2000ஆம் ஆண்டில் அவர் நியமித்த ஆலோசனைச் சபையில் அவ்வுண்மையை மறுப்போரும் இடம்பெற்றனர். மருந்துகள் நஞ்சு, அவை மேல்நாட்டுக் கம்பனிகளின் சூழ்ச்சி, ஆபிரிக்கரைக் கிருமி சுமக்கும் காமுகராகச் சித்திரிக்கும் இனவெறியின் வெளிப்பாடு என்றெல்லாம் அவரைச் சூழ்ந்தோர் பேசினர். சுகாதார அமைச்சர் மாண்டோ சபலாலா-ம்சிமாங் உள்ளியையும் பீற்றூட்டையும் எலுமிச்சையையும் போற்றினார். 2006இல் ரொறன்ரோ மாநாட்டில் தென்னாபிரிக்க அரசின் காட்சிக்கூடத்தில் அவை வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு உலகம் திகைத்தது.

இங்கேதான் நமக்குரிய கசப்பான பாடம் இருக்கின்றது. இவர்கள் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் அல்லர்; விடுதலைப் போராட்டத்திற் புடமிடப்பட்டவர்கள். அவர்கள் பேசிய மொழி நம்முடைய மொழி. கம்பனிகள் கொள்ளையடித்தன என்பது உண்மை. ஆபிரிக்க உடலைப் பற்றி ஐரோப்பிய மருத்துவம் பல பொய்களைக் கூறியதும் உண்மை. ஆயினும், இவ்வுண்மைகளிலிருந்து வைரசு இல்லை என்ற முடிவு பிறவாது. விற்பவன் கொள்ளைக்காரன் என்பதனால் மருந்து நஞ்சாகிவிடுவதில்லை. விஞ்ஞானத்தைக் கைவிட்ட ஏகாதிபத்திய எதிர்ப்பு எவ்வளவு உயிர்களை விழுங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 2000க்கும் 2005க்கும் இடையில், கொடுத்திருக்கக்கூடிய மருந்து கொடுக்கப்படாமையால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டன என்று ஹார்வார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் மதிப்பிட்டனர்.

சிகிச்சை இயக்கத்தின் பெருமை, இரு முனைகளிலும் அது போரிட்டமையே. கம்பனிகளுக்கெதிராக அரசாங்கத்தின் பக்கத்தில் நின்றது. அதே அரசாங்கம் மக்களைக் கைவிட்டபோது அதனையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு நெவிரப்பின் குளிசை, பிறந்த குழந்தைக்கு ஒரு துளி மருந்து என்ற எளிய முறை குழந்தைகளுக்கு நோய் தொற்றுவதைப் பெரிதுங் குறைத்தது. கம்பனி அதனை ஐந்தாண்டுக்கு இலவசமாகத் தரவும் முன்வந்திருந்தது. அரசோ அதனைப் பதினெட்டு இடங்களில் மட்டும் அனுமதித்தது. 2002 யூலை 5ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டை நீக்கி, நாடெங்கும் அம்மருந்தை வழங்கப் பணித்தது. ஒரே வேளை மருந்து சில தாய்மாரிடத்து மருந்தை வெல்லும் வைரசை உண்டாக்கும் என்பது பின்னர் நன்கு புலப்பட, அதனிலும் சிறந்த மும்மருந்து முறை அதனிடத்தைப் பெற்றது. விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை அது. மறுப்பாளரின் வாதத்துக்கு அது சான்றாகாது.

*

இப்போது சாக்கி அக்மத்தின் தீர்மானத்துக்கு வருவோம். நண்பர் உதவியோடு மருந்து வாங்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆயினும், அரசாங்க வைத்தியசாலைகளில் ஏழைகளுக்கு அம்மருந்து கிடைக்கும் வரை தாம் அதனை உண்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். அவர் உடல் மெலிந்தது; தொற்றுக்கள் மாறிமாறி வந்தன. 2002 யூலையில் மண்டேலா அவர் வீடு தேடிச் சென்று மருந்தை உண்ணுமாறு வேண்டினார். அக்மத் இணங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மண்டேலா கயலிட்சாவுக்கு வந்து, 'எச்.ஐ.வி. பொசிட்டிவ்' மேற்சட்டையை அணிந்து நோயாளிகள் நடுவே நின்றார்.

இத்தீர்மானம் சரியானதா? இயக்கத்துள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. உயிரோடு இருக்கும் தலைவனே மக்களுக்கு வேண்டும் என்றனர் பலர். மருந்து உண்ணுங்கள் என்று ஊருக்கு உரைக்கும் இயக்கத்தின் தலைவர் தாம் உண்ணாதிருப்பது, மருந்து ஆபத்தானது என்போருக்கு வாய்ப்பளிக்கலாம் என்ற அச்சமும் நியாயமானதே. 2003 ஓகஸ்ட் தொடக்கத்தில் டேர்பனிற் கூடிய இயக்கத்தின் மாநாடு, அவர் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று தீர்மானித்தது. அவர் பணிந்தார். ஓகஸ்ட் 8ஆம் நாள் அமைச்சரவை, நாடளாவிய சிகிச்சைத் திட்டமொன்றைத் தயாரிக்குமாறு பணித்தது. நவம்பர் 19இல் அத்திட்டம் ஏற்கப்பட்டது. மருந்து உண்பதா என்னும் ஒரு மனிதனின் அந்தரங்கத் தீர்மானம், ஒரு மாநாட்டின் வாக்கெடுப்பாகவும் ஓர் அரசின் கொள்கையாகவும் விரிந்த அரிய நிகழ்ச்சி இது. வீரத்தைவிடக் கூட்டு முடிவுக்குப் பணிந்த அப்பண்பையே நாம் மேலாகப் போற்றுகிறோம்.

*

அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டது. எப்போது தொடங்குவது என்ற வினாவுக்கு விடை படிப்படியாகத் திருந்தியது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 2003இல் சீ.டி.4 இருநூறாகவும், 2010இல் 350 ஆகவும், 2013இல் 500 ஆகவும் உயர்ந்தது. மருந்தை இடையிடையே நிறுத்தி உடலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்ற எண்ணம் தவறென்று 2006இல் 'ஸ்மார்ட்' ஆய்வு காட்டியது. நோய் அறியப்பட்டவுடனேயே தொடங்குதல் நன்று என 2015இல் 'ஸ்டார்ட்' ஆய்வு நிறுவியது. ஒழுங்காக மருந்துண்டு இரத்தத்தில் வைரசு காணப்படாத நிலையை எய்தியவரிடமிருந்து உடலுறவு வழியாக நோய் பிறருக்குத் தொற்றாது என்பதும் இன்று உறுதியாயிற்று. நரம்பையும் முகத்துச் சதையையும் தின்ற பழைய மருந்துகள் விலக, நாளொன்றுக்கு ஒரு குளிசை வந்தது. 2017இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் ஆண்டு விலை அப்போது ஏறக்குறைய 75 டொலராக இருந்தது. தென்னாபிரிக்காவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மருந்துண்டு வாழ்கின்றனர். கயலிட்சாவில் 2007இல் தொடங்கிய நோயாளர் கழகங்களில், முப்பது பேர்வரை ஒன்றுகூடி, வரிசையிற் காத்துக் கிடக்காமல் மருந்தைப் பெற்றுச் சென்றனர்.

எனினும், வென்றவை நிலைத்துவிடும் என்று எண்ணுதல் பேதைமை. 2005இல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகளுக்கேற்ப மாற்றப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, ஆபிரிக்காவிற் பல சிகிச்சை நிலையங்களின் கதவுகள் ஒரே இரவில் மூடின. தென்னாபிரிக்கா தன் மருந்துகளைப் பெரும்பாலும் சொந்தப் பணத்திலே வாங்கிவந்தமையால் அடி சற்றுத் தாங்கத்தக்கதாயிற்று. பிறர் தயவை நம்பிய நாடுகளின் நிலை அதனினும் இரங்கத்தக்கது.

இவ்விடத்து நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறாதிருக்க இயலவில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் எழுந்தது. வியாபாரப் பெயர்களை விலக்கி மூலப்பெயரால் மருந்தை வாங்குவது, தேவையானவற்றை மட்டும் வாங்குவது, உலகச் சந்தையில் மலிவாகக் கிடைக்குமிடத்தில் வாங்குவது என்னும் அக்கொள்கை, சிப்லாவின் 350 டொலர்க் குளிசைக்கு முப்பதாண்டு முந்தியது. பிபிலே 1977இல் கயானாவிற் காலமானார். நம் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் 2004 தொட்டு எச்.ஐ.வி. மருந்து இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளமையும், தாயிடமிருந்து சேய்க்கு நோய் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் இலங்கை ஏற்கப்பட்டமையும், அம்மரபின் வழிவந்த பயன்களே. ஆனால், மருந்து இலவசமாக இருந்தும், ஊரார் காண்பரே என்று அஞ்சிச் சிகிச்சை நிலையத்து வாயிலை மிதியாதவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குச் சிகிச்சைத் துணைவர் யார்? அந்த மேற்சட்டையை நம்முள் யார் அணிவார்?

கயலிட்சாவின் பெண்கள் மணிக்கூட்டுக்காகக் காத்திருக்கவில்லை. தமக்குத் தெரிந்ததைத் தம் மொழியில் அயலாருக்குச் சொல்லிக் கொடுத்தனர். நம் வகுப்பறைகளில் அதனைச் செய்வதற்கு எந்தக் கம்பனியின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.